கைப்பிடிக்குள் ஒண்டுக்குடித்தனம்: ஹட்சன் எச்9 கைத்துப்பாக்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

2017 ஜனவரி. அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் வருஷாவருஷம் நடக்கும் ஷாட் ஷோ என்ற துப்பாக்கி வணிகக் கண்காட்சியில், அதுவரை அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு டெக்சஸ் நிறுவனம் கடை போட்டது. பெயர் ஹட்சன். கொண்டுவந்த சரக்கு ஒன்றே ஒன்று: எச்9 என்ற 9 எம்.எம். கைத்துப்பாக்கி. பெரிய கம்பெனிகளின் அரங்குகளை விட்டுவிட்டு ஆட்கள் இந்தச் சின்னக் கடையைத் தேடி வந்தார்கள். அந்த வருஷக் கண்காட்சியில் அதிகம் பேசப்பட்ட துப்பாக்கிகளில் எச்9 ஒன்று. 2019 மார்ச்சில் அதே நிறுவனம் திவால் மனு போட்டது. மறுசீரமைப்புக்கான மனுகூட இல்லை. இருப்பதை விற்றுக் கடனை அடைத்துக் கடையை மூடும் வகை.

எச்9 கொடுத்த வாக்குறுதி ஒரு வரியில் அடங்கும். 1911 என்று அழைக்கப்படும் பழைய அமெரிக்கத் துப்பாக்கியின் ட்ரிகரையும், கிளாக் மாதிரியான நவீனத் துப்பாக்கியின் எளிமையையும் ஒரே உடம்பில் தருவோம் என்றார்கள். துப்பாக்கிப் பிரியர்கள் முப்பது வருஷமாக இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த விஷயம் அது. இரண்டு கட்சியையும் ஒரே பந்தியில் உட்கார வைப்பது நல்ல யோசனைதான். பிறகு ஏன் விழுந்தது?

பணம் தீர்ந்துவிட்டது என்பதுதான் வழக்கமாகச் சொல்லும் பதில். பொய்யில்லை, ஆனால் பாதிதான். பழையதையும் புதியதையும் சேர்க்கும் முயற்சி கைத்துப்பாக்கி வரலாற்றில் பலமுறை நடந்திருக்கிறது. சில முயற்சிகள் பிரமாதமாக வென்றிருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எச்9 எங்கே சறுக்கியது என்பது தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 9 எம்.எம். கைத்துப்பாக்கி தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. சாதாரண லைசென்சில் கிடைக்காது. ஆகவே எதை வாங்கலாம் என்ற மதிப்புரையாக இதைப் படிக்க வேண்டாம். இயந்திர வடிவமைப்பில் ஆர்வம் உள்ளவர்களுக்காக எழுதுவது இது.

ட்ரிகரும் மேகசினும்

ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்த 1911 கைத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுட்டும் ஒருமுறைகூடச் சிக்கவில்லை. .45 தோட்டா, மேகசினில் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) ஏழு, வெற்று எடை ஏறக்குறைய 1.1 கிலோ. 1985-ல் பெரெட்டா வந்து இடம் பிடிக்கும்வரை அதுதான் அந்த நாட்டு ராணுவத்தின் கைத்துப்பாக்கி. இன்றும் அதை விரும்பி வாங்குகிறவர்களிடம் காரணம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ட்ரிகரைத்தான் சொல்வார்கள்.

அந்த ட்ரிகரில் அப்படி என்ன இருக்கிறது? பெரும்பாலான துப்பாக்கிகளில் ட்ரிகர் ஒரு ஊசியில் மாட்டி, ஊஞ்சல் மாதிரி சுழலும். 1911-ல் சுழலாது. ஃபிரேம் என்ற அடிப்பாகத்துக்குள் வெட்டிய தடத்தில் நேராகப் பின்னால் நகரும். விரல் படும் பகுதிக்குப் பின்னால் மெல்லிய உலோகத் தகட்டால் ஆன ஒரு வளையம். அந்த வளையத்தின் நடுவேதான் மேகசின் ஏறி நிற்கிறது. விரல் அழுத்தினால் வளையம் மேகசினின் இரண்டு பக்கமும் உரசாமல் பின்னால் போய், ஹேமரை, அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலை, பிடித்து நிறுத்தியிருக்கும் சியர் என்ற கொக்கியைத் தள்ளிவிடும். ஹேமர் ஏற்கெனவே முழுக்க ஏற்றி வைக்கப்பட்டது. ட்ரிகருக்கு உள்ள ஒரே வேலை அந்தக் கொக்கியை விடுவிப்பது. அதனால் நகரும் தூரம் மிகக் குறைவு. எந்த இடத்தில் விடும் என்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். சுட்டபின் விரலை இம்மியளவு தளர்த்தினாலே அடுத்த வெடிக்குத் தயார்.

சரி, இதையே எல்லாரும் செய்துவிட்டுப் போகலாமே? மேகசின் விடாது. ஏழு தோட்டாக்களை ஒற்றை வரிசையில் அடுக்கிய ஒல்லியான மேகசினைச் சுற்றி வளையம் சுலபமாகப் போகும். தோட்டாக்களை மாற்றி மாற்றி இரண்டு வரிசையாக அடுக்கினால் மேகசின் பருக்கும். வளையமும் அகல வேண்டும். வளையத்துக்கு வெளியே ஃபிரேம் சுவர், அதற்கும் வெளியே கைப்பிடிப் பட்டை. எல்லாம் சேர்ந்து கைப்பிடி செங்கல் மாதிரி ஆகிவிடும். மனிதக் கை பருக்காது. ட்ரிகரும் மேகசினும் அந்தச் சின்னக் கைப்பிடிக்குள் ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. ஒருத்தர் கை காலை நீட்டினால் மற்றவருக்கு இடிக்கும். கடந்த நூறு வருஷக் கைத்துப்பாக்கி வரலாற்றின் பெரும்பகுதி இந்த இடத் தகராறைத் தீர்க்க எடுத்த முயற்சிகள்தான் என்பது என் கணிப்பு.

ஹெர்ஸ்டால், 1922 முதல் 1935 வரை

முதல் பெரிய தீர்வு பெல்ஜியத்தில் பிறந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு ராணுவம் அதிகத் தோட்டா கொள்ளும் ஒரு கைத்துப்பாக்கி கேட்டது. ஹெர்ஸ்டாலில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை, தன்னோடு நீண்டகாலமாக வேலை செய்துவந்த பிரவுனிங்கிடம் போனது. அங்கே பணியாற்றிய இளம் வடிவமைப்பாளர் டியூடோனே சைவ் அதற்குள் இரட்டை வரிசை மேகசின் ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். பிரவுனிங் புதுத் துப்பாக்கியை வரைந்தார். பின்னாளில் ஹை பவர் என்று பெயர் பெற்றது அதுதான். 1923-ல் அமெரிக்காவில் காப்புரிமைக்கு மனுச் செய்தார். அது 1927-ல் கிடைத்தது. அதற்கு முன்பே, 1926 நவம்பரில், லீஜ் நகரில் அவர் இறந்துவிட்டார்.

பலருக்குத் தெரியாத ஒரு விவரம் இங்கே உண்டு. அந்தக் காப்புரிமையில் இருந்த துப்பாக்கிக்கு வெளியே தெரியும் ஹேமர் கிடையாது. இன்றைய கிளாக்கைப் போல உள்ளேயே நேராக ஓடித் தோட்டாவை அடிக்கும் ஸ்ட்ரைக்கர் என்ற ஊசிதான். ‘பழைய காலத்து ஹேமர் துப்பாக்கி’யின் அடையாளமாக எல்லாரும் காட்டும் ஹை பவரின் முதல் வரைவு ஸ்ட்ரைக்கர் துப்பாக்கி! பழையது, புதியது என்று கோடு கிழிப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டிய இடம்.

1911 தொடர்பாக, அதைத் தயாரித்த கோல்ட் கம்பெனி கையில் வைத்திருந்த காப்புரிமைகள் 1928-ல் காலாவதியாயின. அதுவரை தொட முடியாமல் இருந்த பிரவுனிங்கின் பழைய உத்திகள் பொதுச்சொத்தாயின. சைவ் அவற்றை எடுத்து, பிரவுனிங்கின் கடைசி வரைவோடு கலந்து, வெளி ஹேமரைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆக, ஹை பவரே ஒரு கலப்புதான். முன்னோடி வடிவத்தையும் அதே மேதையின் பிந்தைய வடிவத்தையும் மூன்றாவது ஆள் உட்கார்ந்து இணைத்தது.

இடத் தகராறை அவர்கள் தீர்த்த விதம் அழகு. மேகசினைச் சுற்றி வளையம் போடவில்லை. மேலே பாலம் கட்டினார்கள். ட்ரிகர் ஒரு சின்னத் தண்டை மேலே தள்ளும். அது ஸ்லைடுக்குள் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) படுத்திருக்கும் ஒரு நெம்புகோலின் முன்முனையைத் தூக்கும். பின்முனை இறங்கி சியரை அழுத்தும். சுட்டதும் ஸ்லைடு பின்னால் ஓடும்போது நெம்புகோலும் அதோடு போய்விடுவதால் ட்ரிகருக்கும் சியருக்கும் உள்ள தொடர்பு தானாக அறுந்துவிடும். ஒரு விரல் அழுத்தத்துக்கு ஒரு வெடிதான் என்ற பாதுகாப்பும் அதே உறுப்பில் வந்துவிட்டது. 13 தோட்டா கொள்ளும் துப்பாக்கிக்குக் கைக்கு அடக்கமான கைப்பிடி அமைந்தது.

விலை கொடுத்தது ட்ரிகர். விரலுக்கும் சியருக்கும் நடுவே கைமாறும் உறுப்புகள் கூடிவிட்டன. 1911-ன் சுத்தமான உணர்வு போயிற்று. போதாக்குறைக்கு மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடாது என்ற ஏற்பாட்டுக்காக ஒரு உறுப்பைச் சேர்த்தார்கள். அது மேகசினின் முகத்தில் உரசிக்கொண்டே இருக்கும். 2021-ல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி கம்பெனி ஹை பவரை எஸ்.ஏ.-35 என்ற பெயரில் மறுபடி செய்தபோது அந்த உறுப்பைத்தான் முதலில் தூக்கியெறிந்தார்கள்.

கேட்ட பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் வாங்கவில்லை. பெல்ஜியம் 1935-ல் ஏற்றுக்கொண்டது. போரில் எஃப்.என். ஜெர்மானியர் கைக்குப் போனபின், கனடாவின் டொரண்டோவில் ஜான் இங்கிலிஸ் நிறுவனம் இதைச் செய்தது. நம் ராணுவமும் காவல்துறையும் வைத்திருக்கும் ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ’, அந்தக் கனடா வடிவத்தை ஒட்டி மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் தயாரானது. நம்மூர் அதிகாரியின் இடுப்பில் தொங்குவதும் பிரவுனிங்கும் சைவும் கட்டிய அதே பாலம்தான்.

கிளாக்: புதியது என்று நம்பவைத்த பழையவை

1980-ல் ஆஸ்திரிய ராணுவம் புதுக் கைத்துப்பாக்கி தேடியபோது காஸ்டன் கிளாக் அவர்களுக்குக் கத்தியும் மண்வெட்டியும் செய்துகொடுத்துக் கொண்டிருந்தவர். துப்பாக்கி செய்த அனுபவமே கிடையாது. 1982-ல் அவருடைய கிளாக் 17 தேர்வானது. 17 தோட்டா, வெற்று எடை ஏறக்குறைய 625 கிராம், பிளாஸ்டிக் ஃபிரேம்.

உலகமே புதுமை என்றது. உறுப்பு உறுப்பாகப் பார்த்தால் கதை வேறு. சுடும்போது குழலின் வால் கீழே சாய்ந்து பூட்டு விடுபடும் ஏற்பாடு பிரவுனிங்குடையது. பிளாஸ்டிக் ஃபிரேமும் ஸ்ட்ரைக்கரும் சேர்ந்த துப்பாக்கியை ஹெக்லர் அண்ட் கோக் 1970-லேயே விபி70 என்று விற்றிருந்தது. அதன் ட்ரிகர் படு மோசம். ஸ்ட்ரைக்கரைப் பாதி இழுத்து வைத்து, மீதியை ட்ரிகர் இழுக்கும் உத்தி 1907-ன் ரோத்-ஸ்டெயர் துப்பாக்கியில் இருந்தது. அது ஆஸ்திரிய-ஹங்கேரியக் குதிரைப்படைக்காக வந்தது. குதிரை துள்ளும்போது கைதவறி வெடித்துவிடக் கூடாது என்பது கவலை. 1911-ல் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டி வந்ததும் அமெரிக்கக் குதிரைப்படை கேட்டதால்தான். ஒரே குதிரைப் பிரச்சினைக்கு இரண்டு கண்டங்களில் இரண்டு பதில். நூறு வருஷம் கழித்தும் இரண்டு கட்சியாக நின்று சண்டை போடுவது அந்த இரண்டு பதில்களின் வாரிசுகள்.

இடத் தகராறுக்குக் கிளாக்கின் பதில் மிக மலிவானது, மிகச் சாமர்த்தியமானது. மேகசினின் ஒரு பக்கமாக மட்டும் மடித்த தகட்டுத் தண்டு ஒன்று பின்னால் ஓடுகிறது. பிளாஸ்டிக் ஃபிரேமுக்குத் தனியாகக் கைப்பிடிப் பட்டை தேவையில்லை என்பதால் அந்த இடமும் மிச்சம். கட்டைவிரல் சேஃப்டி கிடையாது. ட்ரிகரின் முகத்திலேயே ஒரு சின்ன நாக்கு. எடுத்தால் அழுத்தலாம், கற்றுக்கொடுப்பது சுலபம். ட்ரிகர் உணர்வு? ஸ்ட்ரைக்கரின் மீதி இழுப்பையும் விரலே செய்வதால் கொழகொழவென்று போய் ஒரு இடத்தில் விடும். காவல்துறைகளுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. 2013-ல் பிரிட்டிஷ் ராணுவம் ஹை பவரை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு கிளாக் 17 வாங்கியது.

எச்9-ஐப் பிரித்துப் பார்த்தால்

இந்தப் பின்னணியில்தான் ஹட்சன் வந்தது. கையில் எடுத்தால் 1911 மாதிரிப் பிடி. ட்ரிகர் சுழலாமல் நேராகப் பின்னால் போகும். ஆனால் வெளியே ஹேமர் இல்லை, உள்ளே ஸ்ட்ரைக்கர். கட்டைவிரல் சேஃப்டி வேண்டுமென்றால் உண்டு, வேண்டாமென்றால் இல்லை. இரட்டை வரிசை மேகசினில் 15 தோட்டா. மேகசினைப் புதிதாகக் கண்டுபிடிக்காமல் ஸ்மித் அண்ட் வெஸன் 5900 வரிசையின் பழைய வடிவத்தைத் தழுவினார்கள். புத்திசாலித்தனமான முடிவு. புதுக் கம்பெனிகள் அதிகம் கால் தவறுவது மேகசினில்தான்.

இதோடு நிறுத்தியிருந்தால் எச்9 ஒரு நல்ல, அடக்கமான கலப்பாக இருந்திருக்கும். அவர்கள் இன்னொரு ஆசையையும் சேர்த்துக்கொண்டார்கள்: குழலைக் கைக்கு மிக அருகில் இறக்குவது.

காரணம் புரிகிறது. தோட்டா முன்னால் போகும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதை குழலின் நடுக்கோட்டில் வரும். கை பிடிப்பது அதற்குக் கீழே. இரண்டுக்கும் இடையே உள்ள உயரம்தான் துப்பாக்கியின் வாயை மேலே எகிற வைக்கிறது. உயரத்தைக் குறைத்தால் எகிறல் குறையும். அடுத்த குறிக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

ஆனால் குழலுக்குக் கீழே காலி இடம் இல்லை. ஸ்லைடைத் திரும்ப முன்னால் தள்ளும் ஸ்பிரிங் அங்கேதான் குடியிருக்கிறது, பிரவுனிங் காலத்திலிருந்து. ஹட்சன் அந்த ஸ்பிரிங்கை இன்னும் கீழே, ட்ரிகர் கார்டு என்ற விரல்காப்புக்கு முன்னால் இறக்கிவிட்டது. அதனால்தான் எச்9-க்கு முன்பக்கம் ஒரு தாடை தொங்கும். பார்த்தவுடன் அடையாளம் தெரியும் அந்த முகம். விளம்பரத்துக்கு நல்லது. மற்றதற்கெல்லாம் தொந்தரவு. ஏற்கெனவே சந்தையில் இருந்த எந்த உறையிலும் இது நுழையாது. உறை செய்பவர்கள் தனியாக அச்சுச் செய்ய வேண்டும். இன்னும் அதிகம் விற்காத ஒன்றுக்கு யார் அச்சுப் போடுவார்கள்?

ஃபிரேம் முழுக்க எஃகு. எடை ஏறக்குறைய 965 கிராம். விலை 1,147 டாலர். அன்றைக்குக் கிளாக் 17 அதில் பாதி விலைக்குக் கிடைத்தது.

சுட்டுப் பார்த்த விமர்சகர்கள் துப்பாக்கி அசையாமல் நிற்கிறது என்று பாராட்டினார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. எதனால் நின்றது என்பதில்தான் சந்தேகம். கிளாக்கைவிட 340 கிராம் கூடுதல் எடை உள்ள எந்த 9 எம்.எம். துப்பாக்கியும் கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கும். தாழ்ந்த குழலின் பங்கு எவ்வளவு, எஃகின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாமல் மொத்தப் புகழையும் குழலுக்கே கொடுத்துவிட்டார்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாறியை மாற்றிவிட்டு ஒன்றுக்கு மட்டும் மாலை போடுவது எந்தப் பட்டறையிலும் நடக்கும் தவறுதான்.

என் பார்வையில் எச்9-ன் வடிவமைப்புச் சிக்கல் இதுதான்: ட்ரிகருக்கும் மேகசினுக்கும் உள்ள பழைய தகராறே தீர்ந்தபாடில்லை, அதற்குள் குழலுக்கும் ஸ்பிரிங்குக்கும் புதிதாக ஒரு தகராறைக் கிளப்பிவிட்டார்கள். முதல் துப்பாக்கியிலேயே இரண்டையும் தீர்க்க வேண்டியிருந்தது. ஸ்லைடு, ஃபிரேம், குழல், ஸ்பிரிங், ட்ரிகர் என்று எதையும் கடையில் வாங்க முடியாது. எல்லாமே சொந்த அளவு, சொந்தச் செலவு. 1911-க்கும் கிளாக்குக்கும் உதிரிப் பாகம் செய்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இரண்டின் குணத்தையும் எடுத்த எச்9, இரண்டின் உதிரிச் சந்தையையும் இழந்தது.

விழுந்த விதம்

சொந்தத் தொழிற்சாலை இல்லாமல் ஒப்பந்த முறையில் செய்யவைத்த துப்பாக்கி அது. பழுதுக்கு அனுப்பியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். எடைக் குறை சொன்னவர்களுக்காக அலுமினிய ஃபிரேம் போட்ட எச்9ஏ வருகிறது என்று 2018-ல் அறிவித்தார்கள். முதல் குழந்தைக்கே பால் போதாத வீட்டில் இரண்டாவது. பணப் பாக்கிக்காக வழக்கு, அப்புறம் நிறுவனத்திடமிருந்து மௌனம், அப்புறம் திவால் மனு. இந்தப் பகுதியில் துப்பாக்கிக்கே உரிய விசேஷம் எதுவும் இல்லை. மிக்சி செய்யும் கம்பெனியும் இப்படித்தான் விழும்.

வித்தியாசம் தெரிவது முன்னவர்களோடு ஒப்பிடும்போது. ஹை பவருக்குப் பின்னால் பெரிய ஆயுதத் தொழிற்சாலை ஒன்று பதின்மூன்று வருஷம் பொறுமையாக நின்றது. கிளாக்குக்கு ராணுவத்தின் ஆர்டர் இருந்தது. அதைக் காட்டி மற்ற நாடுகளில் விற்றார்கள். ஹட்சனுக்கு இரண்டும் இல்லை. கண்காட்சியில் கைதட்டியவர்கள் இருந்தார்கள்.

எதிர் உதாரணம்: ‘2011’ என்ற துப்பாக்கி

அதே டெக்சஸில் அதே கலப்பை வேறு வரிசையில் செய்து வென்ற கதையும் இருக்கிறது. 1980களின் இறுதியில் கனடாவின் பாரா-ஆர்டினன்ஸ், 1911-க்கு இரட்டை வரிசை மேகசின் கொள்ளும் உலோக ஃபிரேம் செய்தது. வளையத்தை அகலமாக்கினார்கள், கைப்பிடி பருத்தது. 1990களின் தொடக்கத்தில் எஸ்.டி.ஐ. நிறுவனத்தில் வர்ஜில் டிரிப்பும் சாண்டி ஸ்ட்ரேயரும் ஃபிரேமை இரண்டாக வெட்டினார்கள். ஸ்லைடு ஓடும் மேல்பகுதி எஃகு. கைப்பிடியும் ட்ரிகர் கார்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு. பிளாஸ்டிக் சுவர் என்பதால் பட்டை வேண்டாம். மிச்சமான இடத்தில் அகலமான வளையமும் பருத்த மேகசினும் சேர்ந்து குடியேறின. நேராக நகரும் ட்ரிகருக்கு ஒரு கீறலும் விழவில்லை. 1911-க்கு நூறு கூட்டி 2011 என்று பெயர் வைத்தார்கள்.

இதைப் பார்த்தால் கிளாக்கிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கருத்து என்று தெரியும்: பிளாஸ்டிக் கைப்பிடி இடத்தை மிச்சப்படுத்தும். மற்ற எல்லாம் பழையபடியே. ஸ்லைடு, ஹேமர், சியர் எல்லாவற்றுக்கும் 1911-ன் உதிரிச் சந்தை கைகொடுத்தது.

அதைவிட முக்கியம், யாருக்கு விற்றார்கள் என்பது. வேகப் போட்டிகளில் சுடுகிறவர்களுக்கு. அவர்கள் துப்பாக்கியைத் தாங்களே கழற்றி மாட்டுவார்கள், மேகசினின் உதடுகளை வளைத்துச் சரிசெய்வார்கள், சிக்கினால் திட்டிவிட்டுத் திரும்ப வருவார்கள். 2011-ன் மேகசின்கள் விலையும் அதிகம், அடமும் அதிகம். போட்டிக்காரர்கள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். அந்தப் பொறுமையில் கால் நூற்றாண்டு காலம் துப்பாக்கி மெருகேறியது. அப்புறம்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்களிடம் வந்தார்கள். நிறுவனம் 2020-ல் ஸ்டக்காட்டோ என்று பெயரை மாற்றிக்கொண்டு அமெரிக்கக் காவல் பிரிவுகளிடம் விற்கத் தொடங்கியது. ஹட்சன், பொறுமைசாலிகளை விட்டுவிட்டு நேராக அன்றாடப் பயனாளியிடம் போனது. அவருக்கு உறை வேண்டும், உதிரி வேண்டும், பழுதானால் அடுத்த வாரமே திரும்பி வர வேண்டும்.

2011-லும் எல்லாம் இலவசமாக வந்துவிடவில்லை. கீழே விழுந்தாலும் வெடிக்காதபடி சுடும் ஊசியைத் தடுக்கும் உறுப்பு, நவீனத் துப்பாக்கிகளில் கட்டாயம் மாதிரி. கோல்ட் கம்பெனி 1980களில் சீரிஸ் 80 என்ற பெயரில் அதை 1911-க்குள் நுழைத்தபோது, ட்ரிகரோடு கூடுதலாக இரண்டு நெம்புகள் ஒட்டிக்கொண்டு உணர்வைக் கெடுத்துவிட்டன என்று பட்டறைக்காரர்கள் இன்றுவரை முணுமுணுக்கிறார்கள். எஸ்.டி.ஐ. அந்தத் தலைவலியை நீண்டகாலம் தள்ளிப்போட்டது. போட்டிக்காரர்கள் கேட்கவில்லை என்பதால் முடிந்தது.

2024க்குப் பிறகு

எச்9-ன் காப்புரிமைகளை ஜார்ஜியா மாநிலத்து டேனியல் டிஃபென்ஸ் வாங்கியது. ஏ.ஆர். ரக ரைஃபிள்களில் பெயரும் பணமும் சம்பாதித்த, சொந்த இயந்திரங்கள் உள்ள நிறுவனம். 2024-ல் அவர்கள் வெளியிட்ட எச்9-ல் குழலின் தாழ்வும் நேர் ட்ரிகரும் ஸ்ட்ரைக்கரும் அப்படியே இருக்கின்றன. ஃபிரேம் அலுமினியம், எடை குறைந்தது. ஸ்லைடின் மேல் கண்ணாடிக் குறிகாட்டி பொருத்த இடம் விட்டார்கள். விலை 1,299 டாலர். ஹட்சனிடம் கேட்டுக் கிடைக்காத திருத்தங்கள்தான் இவை. துப்பாக்கி அப்போதும் அமைதியாகச் சுட்டது. குழலின் தாழ்வுக்கு நிஜமாகவே ஒரு பங்கு உண்டு என்று இப்போது கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்லலாம். தாடை மட்டும் போகவில்லை. போகாது, ஸ்பிரிங் வேறு எங்கே போகும்?

இதற்கிடையில் சந்தை இன்னொரு பக்கம் நகர்ந்துவிட்டது. ஒஹையோவின் ஸ்டெல்த் ஆர்ம்ஸ், 1911 மாதிரி உடம்பில் கிளாக் 17-ன் மேகசினைச் செருகும் துப்பாக்கி செய்து, அதற்கு பிளாட்டிபஸ் என்று பெயரும் வைத்தது. வாத்து அலகு, நீர்நாய் உடம்பு, முட்டையிடும் பாலூட்டி. தங்கள் சரக்கைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளும் கம்பெனியை எனக்குப் பிடிக்கிறது. வேலை சுலபமில்லை. கிளாக்கின் கைப்பிடி 1911-ஐவிடக் கொஞ்சம் அதிகமாகச் சாய்ந்தது. அந்தச் சாய்வுக்குச் செய்த மேகசினை நிமிர்ந்த உடம்பில் நிறுத்த வேண்டும்.

2025 ஜனவரியில் ஸ்டக்காட்டோவே அந்த வழிக்கு வந்தது. எச்.டி. என்ற புது வரிசையில் நேர் ட்ரிகரும் வெளி ஹேமரும் இருக்கின்றன, சுடும் ஊசித் தடுப்பும் சேர்ந்துவிட்டது, மேகசின் கிளாக்குடையது. விலை 2,000 டாலருக்கு மேல். காவல்துறைக் கணக்கில் பார்த்தால் நியாயம்தான்: கிளாக் மேகசின் மலிவு, எங்கும் கிடைக்கும், நாற்பது வருஷமாக அடிபட்டுத் தேறியது. ஆனால் பழைய 2011 மேகசின் எச்.டி.-யில் நுழையாது. ஒவ்வொன்றுக்கும் கொள்ளைக் காசு கொடுத்து மேஜை அறை நிறைய வாங்கி வைத்திருந்த பழைய வாடிக்கையாளர்கள்தான் இப்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.